எங்கள் கோப்புகளைக் கூட்ட மேசையில் விரிக்காதீர்கள்

நம் பட்டணத்துக் குடும்ப நல ஆலோசனை மையத்தின் தலைவருக்கும் நிர்வாகக் குழு உறுப்பினர்களுக்கும்,

சென்ற திங்கட்கிழமை மையத்தின் வாசற் பலகையில் நீங்கள் ஒட்டிய அறிவிப்பை நின்று இரண்டு முறை படித்தேன். அடுத்த மாதம் முதல் ஆலோசனைக்கு வரும் ஒவ்வொருவரின் பெயர், முகவரி, வந்த காரணம், 'முன்னேற்ற நிலை' ஆகியவை மாதந்தோறும் குழுவின் பார்வைக்கு வைக்கப்படும் என்றும், கோப்பு அலமாரியின் சாவி இனிச் செயலாளரிடம் இருக்கும் என்றும், ஆலோசகர்கள் பக்கத்துப் பட்டணங்களோடு சேர்த்து மூன்று மாதத்துக்கு ஒருமுறை மாற்றப்படுவார்கள் என்றும், ஆலோசகர் இல்லாத நாள்களில் இரண்டு நாள் பயிற்சி பெற்ற தொண்டர்கள் 'கவுன்சலர்'களாக அமர்வார்கள் என்றும் அதில் எழுதியிருந்தது.

இந்த முடிவை என்னால் வாய்மூடி ஏற்க இயலாது. அதை எதிர்த்துப் பேச எனக்கு என்ன தகுதி என்று கேட்பீர்களானால், அந்த அலமாரியில் உள்ள கோப்புகளில் ஒன்று என்னுடையது என்பதே என் தகுதி. என் கணவர் இறந்த பிறகு 14 மாதங்கள், பெரும்பாலும் புதன்கிழமைப் பிற்பகல்களில், அந்த அறைக்கு நான் சென்று வந்தேன். இதை எழுதுவதால் ஊரில் என்ன பேச்சு எழும் என்று எனக்குத் தெரியாமல் இல்லை. 32 ஆண்டுகள் தமிழ்ப்பள்ளியில் பாடம் நடத்திய டீச்சரே அங்கே போய் உட்கார்ந்தாராம் என்பார்கள். நம் மலேசியாவின் பேராக் மாநிலத்தில், 1911இல் மனநல மருத்துவமனை எழுப்பப்பட்ட தஞ்சோங் ரம்புத்தானின் பெயர், நான் சிறுமியாக இருந்த காலத்திலேயே எங்கள் தீம்பாரில், அதாவது ரப்பர்த் தோட்டத்தில், வசைச்சொல்லாக வழங்கியது. சற்று மாறுபட்டு நடப்பவரைப் பார்த்து, அங்கே ஒரு கட்டில் காலியாக இருக்கிறதாம் என்று சொல்லிச் சிரிப்பார்கள். அந்தச் சிரிப்புக்கு அஞ்சித்தான் கணவர் போன பிறகு எட்டு மாதம் தூக்கமில்லாமல் கிடந்தேன். அதன் பின்னும் நான் போகத் துணிந்ததற்குக் காரணம் ஒன்றே: அங்கே சொல்வது அந்த அறையைத் தாண்டாது என்று ஒருவர் எனக்கு உறுதி கொடுத்தார். அந்த உறுதியைத்தான் உங்கள் அறிவிப்பு, என்னை ஒரு வார்த்தை கேட்காமல், முன்தேதியிலிருந்தே செல்லாததாக்குகிறது.

இம்மடலை எழுதும்படி ஆலோசகர் என்னிடம் கேட்கவில்லை. நான் எழுதுகிறேன் என்பதும் அவருக்குத் தெரியாது. இதற்காக அவரைக் கூப்பிட்டு விசாரிக்க வேண்டாம்.

நம் மக்களுக்கு இரகசியம் என்பதே புதிய பொருள். நான் பிறந்த லயத்தில், அந்தத் தோட்டத் தொழிலாளர் வரிசை வீடுகளில், ஒரு வீட்டுக்கும் அடுத்த வீட்டுக்கும் இடையே இருந்த பலகைச் சுவர் கூரைவரை எழும்பியதில்லை. அந்தத் திறந்த இடைவெளி வழியாக ஒரு வீட்டுத் தாளிப்பு மணமும் மறுவீட்டுச் சண்டையும் ஒன்றுபோல வந்து சேரும். இரவில் யார் வீட்டில் யார் அடிபட்டார் என்பது விடியற்காலையில் ஆள் கணக்கெடுக்கும் பெரட்டுக்குள் எல்லாருக்கும் தெரிந்திருக்கும். வேலையை மேற்பார்க்கும் மண்டோருக்குத் தெரியும், தோட்ட ஆபீசில் கணக்கெழுதும் கிராணிக்குத் தெரியும், காயத்துக்கு மருந்து கேட்டுப் போனால் தோட்டத்து மருந்தகத்து டிரெஸ்ஸருக்கும் தெரிந்துவிடும். அப்படித் தெரிந்தது ஊர்வம்பாக மட்டும் நின்றிருந்தால் பாதகமில்லை. வேலையும் குடியிருந்த வீடும் ஒரே தோட்ட ஆபீசின் கைக்குள் இருந்ததால், ஒரு குடும்பத்தைப் பற்றி ஆபீசுக்கு என்ன தெரிகிறதோ அது அக்குடும்பத்தின் சோற்றையும் கூரையையும் தொட்டது. ஆகவே வாயைத் திறக்காமல் இருப்பதை எங்கள் பெற்றோர் வெட்கத்தால் பழகவில்லை, தற்காப்பாகப் பழகினார்கள். பிறகு ரப்பர்ப் பால்மரம் போய் எண்ணெய் தரும் செம்பனை வந்தது, தோட்டங்கள் துண்டு துண்டாக விற்கப்பட்டன, லயங்கள் இடிக்கப்பட்டன, நம்மில் பலர் பட்டணத்து மலிவுவிலை வீடுகளுக்கு வந்து சேர்ந்தோம். இப்போது சுவர் கூரைவரை எழும்பியிருக்கிறது. ஆனால் ஆபீசுக்குத் தெரிந்தால் ஆபத்து என்ற அந்தப் பழைய பயம் நம்மோடு லாரியேறி வந்துவிட்டது. ஏழு ஆண்டுகளாக அந்த மையத்தின் கதவைத் தட்டிய ஒவ்வொருவரும் அந்தப் பயத்தை வாசலில் இறக்கி வைத்துவிட்டுத்தான் உள்ளே போனார்கள்.

இப்போது உங்கள் குழுவை எண்ணிப் பாருங்கள். உங்களில் எவர்மீதும் எனக்குப் பகையில்லை; பலரின் பிள்ளைகளுக்கு நான் அகரம் எழுதப் பழக்கியிருக்கிறேன். ஒருவர் மளிகைக்கடை நடத்துகிறார். மாதக் கடைசியில் பாதி வீடுகளின் கடன் கணக்கு அவருடைய நோட்டுப் புத்தகத்தில் இருக்கும். ஒருவர் கோயில் பொறுப்பில் இருக்கிறார். யாருக்கு எந்த உபயம், யார் எந்த வரிசையில் நிற்பது என்பது அவரைக் கேட்டு நடக்கிறது. ஒருவர் செம்பனை வெட்டுக்கு ஆள் சேர்க்கும் குத்தகைக்காரர். ஒருவர் திருமணப் பொருத்தம் பேசி முடிப்பவர். அதாவது, இவ்வூரில் ஒரு குடும்பத்துக்குக் கடனும் வேலையும் மரியாதையும் சம்பந்தமும் எந்தக் கைகள் வழியாக வருகின்றனவோ, அந்தக் கைகள் எல்லாம் ஒரே மேசையைச் சுற்றி இருக்கின்றன. அந்த மேசையின்மேல், இன்னாரின் மனைவி இன்ன காரணத்துக்காக வந்தார் என்ற தாளை வைக்கப் போகிறீர்கள். நீங்கள் ஒருவரும் வெளியே ஒரு சொல்லும் பேசமாட்டீர்கள் என்றே வைத்துக்கொள்வோம். ஆயினும் அந்தப் பெண் மறுநாள் கடையில் அரிசி கேட்டு நிற்கும்போது, கடைக்காரருக்குத் தெரியும் என்பது அவளுக்குத் தெரியும். அது போதும், அவள் மீண்டும் வராமல் இருப்பதற்கு.

நல்லெண்ணத்தால் மட்டும் இந்தக் கேட்டைத் தடுக்க முடியாது என்பதை நான் சொந்தத் தவற்றால் கற்றவள். இதை இதுவரை யாரிடமும் சொன்னதில்லை. 1990களின் நடுப்பகுதியில், நான்காம் ஆண்டு வகுப்பில் ஒரு சிறுமி படித்தாள். ஒரு நாள் உணவு இடைவேளையில் மற்றப் பிள்ளைகள் திடலுக்கு ஓடிய பிறகு என் மேசையருகே வந்து நின்றாள். கைச்சட்டையை மேலே சுருட்டித் தழும்பைக் காட்டினாள். அப்பா சம்சுச் சாராயம் குடித்துவிட்டு வரும் இரவுகளில் அம்மாவை அடிப்பதையும், இடையே போனால் தனக்கும் விழுவதையும் சொன்னாள். சொல்லி முடித்ததும், "டீச்சர், யாருகிட்டயும் சொல்லிடாதீங்க" என்றாள். நான் தலையசைத்தேன். அடுத்த பாடவேளைக்குள் ஆசிரியர் அறையில் அதைச் சொல்லிவிட்டேன். வம்புக்காகச் சொல்லவில்லை, மனம் தாங்காமல் சொன்னேன், யாராவது ஒரு வழி சொல்லமாட்டார்களா என்று சொன்னேன். அங்கிருந்த ஆசிரியை ஒருவரின் கணவர் அந்தச் சிறுமியின் தோட்டத்தில் கிராணி. அவரும் நல்லெண்ணத்தோடுதான், அன்று மாலையே தகப்பனை ஆபீசுக்கு அழைத்து நாலுபேர் முன்னிலையில் கண்டித்தார்.

அன்றிரவு என்ன நடந்தது என்பதை உங்கள் ஊகத்துக்கு விடுகிறேன். சிறுமி மூன்று நாள் பள்ளிக்கு வரவில்லை. வந்த பிறகு வீட்டுப்பாடம் செய்தாள், கேட்ட கேள்விக்குப் பதில் சொன்னாள், ஆறாம் ஆண்டு முடிந்து போகும்வரை என் முகத்தை நிமிர்ந்து பார்க்கவில்லை. சில ஆண்டுகளுக்கு முன் அவளைப் பசார் மாலம் என்னும் இரவுச் சந்தையில் கண்டேன். இடுப்பில் ஒரு குழந்தை இருந்தது. "வணக்கம் டீச்சர்" என்று சொன்னாள். மரியாதையில் ஒரு குறையும் இல்லை. அவ்வளவுதான்.

அப்படியானால் நான் பேசாமலே இருந்திருக்க வேண்டுமா என்று நீங்கள் கேட்கலாம், கேட்பதும் நியாயம். பேசாமல் இருந்திருந்தால் அது வேறொரு குற்றம். சமூக நல இலாகாவில் குழந்தைகளைக் காக்கும் பொறுப்புடைய அதிகாரி இருந்தார், காவல்துறை இருந்தது. சொல்வதற்கு ஓர் இடம் இருந்தது, நானோ சொல்லக்கூடாத இடத்தில் சொன்னேன். 2001ஆம் ஆண்டுக் குழந்தைகள் சட்டம் மருத்துவர், குடும்பத்தினர், குழந்தைப் பராமரிப்பாளர் ஆகியோர்மீது இந்தக் கடமையைச் சட்டப்படியே சுமத்துகிறது. அச்சட்டம் கேட்பது, காப்பாற்றும் அதிகாரம் உள்ள ஒருவரிடம் தகவல் போய்ச் சேர வேண்டும் என்பது. உங்கள் குழுவைப் போல ஒன்பது பேர் அமர்ந்து கேட்க வேண்டும் என்று எந்தச் சட்டமும் கேட்கவில்லை. ஆபத்தைத் தடுக்க உரியவரிடம் அறிவிப்பதும், தெரிந்து வைத்துக்கொள்வதற்காகப் பலரிடம் பகிர்வதும் வெளிப்பார்வைக்கு ஒன்றுபோலத் தோன்றும். முதலாவது அந்தச் சிறுமியைக் காத்திருக்கும், இரண்டாவதைத்தான் நான் செய்தேன்.

இந்த வேறுபாட்டை ஆலோசகர் முதல் நாளே எனக்கு விளக்கினார். தமிழில் எழுதிய ஒரு பக்கத் தாளை என் முன் வைத்து, நான் படித்து முடிக்கும்வரை காத்திருந்தார். நான் சொல்வதில் பெரும்பகுதியை அவர் யாரிடமும் சொல்லமாட்டார். ஆனால் என் உயிருக்கோ பிறர் உயிருக்கோ ஆபத்து என்று அவர் அஞ்சினாலும், ஒரு குழந்தை துன்புறுத்தப்படுவது தெரியவந்தாலும், நீதிமன்றம் ஆணையிட்டாலும் அவர் பேசியாக வேண்டியிருக்கும், அப்போதும் இயன்றவரை முதலில் எனக்குச் சொல்லிவிட்டே பேசுவார் என்று அத்தாளில் இருந்தது. எதைக் காக்க முடியாது என்பதை அவர் முன்னதாகவே சொன்னதால்தான், காப்பேன் என்றதை நான் நம்பினேன். பசாரில் என்னைக் கண்டால் தாமாக வந்து பேசமாட்டார் என்றும், அதை அவமதிப்பாகக் கொள்ள வேண்டாம் என்றும், நான் பேசினால் அவரும் பேசுவார் என்றும் சொன்னார். எனக்கு அது விசித்திரமாகப் பட்டது. ஒரு மாதம் கழித்து மீன்கடையில் எதிரெதிரே நின்றோம். என் நாத்தனார் பக்கத்தில் இருந்தார். ஆலோசகர் என்னைக் கடந்து கெளுத்தி மீனின் விலையைக் கேட்டார். அன்று எனக்கு அந்த விசித்திரம் புரிந்தது.

அந்த அறையில் நடந்தவற்றை இன்னும் கொஞ்சம் சொல்கிறேன், ஏனெனில் நீங்கள் மாற்ற முனைவது எதை என்று உங்களுக்குத் தெரியவில்லை எனக் கருதுகிறேன். ஊரே என்னை டீச்சர் என்று கூப்பிடுகிறது. அவரும் முதலில் அப்படியே கூப்பிட்டார். இரண்டாம் வாரம், "இந்த அறையிலும் நீங்கள் டீச்சராகவே இருக்க வேண்டுமா?" என்று கேட்டார். எனக்குப் பதில் வரவில்லை, அழுகைதான் வந்தது. அன்றிலிருந்து அக்கா என்றார். வேறொரு நாள், நான் ஏதோ சொல்ல, "எனக்குப் புரிகிறது" என்றார். எனக்குச் சுருக்கென்று கோபம் வந்துவிட்டது. "உன் புருஷன் வீட்டில் சாப்பாட்டுக்குக் காத்திருக்கிறார், உனக்கு எப்படியம்மா புரியும்?" என்று கேட்டுவிட்டேன். அவர் முகம் மாறவில்லை, சமாதானமும் சொல்லவில்லை. "நீங்கள் சொல்வது சரி, எனக்குப் புரியவில்லை. சொல்லுங்கள்" என்றார். என் மகன் என்னைக் கிள்ளானுக்குக் கூட்டிப்போக விரும்பினான். வீட்டை விற்றுவிடச் சொன்னான். போவதா இருப்பதா என்று அவரே ஒரு முடிவைச் சொல்லிவிடட்டும் என்று மூன்று வாரம் மன்றாடினேன். அவர் சொல்லவில்லை. போனால் எது போகும், இருந்தால் எது போகும் என்று மட்டும் திரும்பத் திரும்பக் கேட்டார். நான் இங்கேயே இருக்கிறேன். அந்த முடிவு என்னுடையது. தீபாவளிக்கு ஒரு டின் முறுக்கு கொண்டு போனேன். மறுத்தால் எனக்கு வலிக்கும், வாங்கினால் உறவு வேறொன்றாகிவிடும் என்ற இரண்டையும் அவர் எடைபோட்டது எனக்குத் தெரிந்தது. ஒரு முறுக்கை எடுத்து என் முன்னாலேயே சாப்பிட்டு, மிச்சத்தை வரவேற்பறை மேசையில் எல்லாருக்குமாக வைத்தார். 'ஐயோ பாவம்' என்ற சொல்லை அந்த 14 மாதங்களில் ஒருமுறைகூட அவர் வாயிலிருந்து கேட்டதில்லை. இரங்கற்கூடத்திலிருந்து எட்டு மாதமாக நான் கேட்டுச் சலித்த சொல் அது.

இவையெல்லாம் அவருடைய தனிப்பட்ட நற்குணம் என்றே அப்போது நினைத்தேன். ஓய்வுக்காலத்தில் படிக்க நேரம் வாய்த்த பிறகுதான், குணம் மட்டும் அன்று, இது பயின்று பெற்ற தொழில் ஒழுக்கமும் கூட என்று அறிந்தேன். நம் நாடு சுதந்திரம் பெற்ற 1957ஆம் ஆண்டில், கார்ல் ரோஜர்ஸ் என்ற அமெரிக்க உளவியலாளர், ஒருவர் மனம் தேறி வளர்வதற்கு ஆலோசகரிடம் என்ன இருக்க வேண்டும் என்று வரையறுத்து எழுதினார்: போலிமுகம் இல்லாமை, வந்தவரை நிபந்தனை போடாமல் மதித்தல், அவருடைய உலகை அவருடைய இடத்திலிருந்து உணர்தல், அப்படி உணர்வது வந்தவருக்கும் தெரியவருதல். அதே ஆண்டில் ஃபெலிக்ஸ் பீஸ்டெக் என்ற கத்தோலிக்கப் பாதிரியார் சமூகப் பணியாளருக்கு ஏழு நெறிகளை வகுத்தார். தம் வாழ்வைத் தாமே முடிவுசெய்யும் உரிமையும், சொன்னதைக் காப்பதும் அவற்றுள் இரண்டு. வீட்டை விற்பதா என்று ஆலோசகர் எனக்குச் சொல்ல மறுத்ததும், மீன்கடையில் என்னைக் கடந்து போனதும் இவ்விரண்டே.

இடையே ஒன்று. உங்கள் அறிவிப்பு எங்களை 'வாடிக்கையாளர்கள்' என்று குறிப்பிடுகிறது. வாடிக்கையாக நான் காய்கறிக் கடைக்குப் போகிறேன். அந்த அறைக்கு வாடிக்கையாகப் போக யாருக்கும் ஆசையில்லை, நாடிப் போகிறோம். ஊரில் இதற்குக் 'கேசு' என்று இன்னொரு சொல்லும் உண்டு, 'அவ ஒரு வெல்பேர் கேசு' என்பது போல. நாடி வருபவர் என்று எழுதினால் தாளில் அதிக இடம் பிடிக்காது.

மூன்று மாதச் சுழற்சி நிர்வாகக் கண்ணுக்கு ஒழுங்காகத் தெரியலாம். என் கணக்கைச் சொல்கிறேன். நான் எதைச் சொல்வதற்காக அங்கே போனேனோ, அதைச் சொல்ல எனக்கு நான்கு மாதம் பிடித்தது. அதுவரை தூக்கத்தைப் பற்றியும் முழங்கால் வலியைப் பற்றியும் மகனைப் பற்றியும் பேசிக்கொண்டிருந்தேன். அது என்ன என்பது இம்மடலுக்குத் தேவையில்லை. மூன்றாம் மாத முடிவில் முகம் மாறியிருந்தால் அது இன்றும் என் நெஞ்சுக்குள்ளேயே கிடந்திருக்கும், மாத அறிக்கையின் 'முன்னேற்ற நிலை' கட்டத்தில் மட்டும் ஏதோ ஒரு சொல் எழுதப்பட்டிருக்கும். மேலும் புதிதாக வருபவருக்குத் தமிழ் தெரியுமா என்பதைக்கூட உங்கள் அறிவிப்பு சொல்லவில்லை. 'நெஞ்சு அடைக்குது', 'மனசு ஒரு மாதிரியா இருக்கு' என்பவற்றை மலாயில் சொல்ல நான் முயன்றிருக்கிறேன். அது இருதய நோயாளியின் முறையீடாகத்தான் வெளியே வரும். ஒரு தாய் தன் பன்னிரண்டு வயது மகளை மொழிபெயர்க்க அழைத்துக்கொண்டு போனதையும் நான் அறிவேன். தாயின் துயரத்தைத் தன் வாயால் சொல்ல நேர்ந்த அந்தப் பிள்ளைக்கு அன்று என்ன வயதாகியிருக்கும் என்று நினைத்துப் பாருங்கள்.

தொண்டர்களைப் பற்றி: அவர்களின் மனத்தை நான் மதிக்கிறேன். வருபவருக்குத் தண்ணீர் கொடுக்கவும், படிவம் நிரப்பவும், வயதானவரை வண்டியில் ஏற்றி வரவும் அவர்கள் தேவை. ஆனால் இரண்டு நாள் பயிற்சியால் எவரும் ஆலோசகர் ஆகிவிட முடியாது, அப்படி அமர்த்தச் சட்டமும் இடம் கொடுப்பதாகத் தெரியவில்லை. 1998ஆம் ஆண்டு ஆலோசகர் சட்டத்தின்படி, மலேசிய ஆலோசகர் வாரியத்தில் பதிவு செய்து, தொழில் நடத்தும் சான்றிதழும் பெற்றவரே அப்பெயரில் தொழில் செய்யலாம். அப்படிப் பதிவு பெற்றவர் வாரியத்தின் நெறிமுறைக்குக் கட்டுப்பட்டவர். அந்நெறிமுறை இரகசியம் காக்கச் சொல்லும்போது நீங்கள் பெயர்ப்பட்டியல் கேட்டால், சம்பளம் தரும் குழுவுக்கும் பதிவு தரும் வாரியத்துக்கும் நடுவே அவரை நிறுத்துகிறீர்கள். அவர் எந்தப் பக்கம் சாய்ந்தாலும் இழப்பு அவருக்கு. அவரை நம்பிப் பேசிய எங்களுக்கும்.

நிதி கொடுப்பவர்கள் கணக்குக் கேட்கிறார்கள் என்பது உங்கள் தரப்பு வாதம் என்று அறிகிறேன். கேட்க வேண்டும், பொதுப்பணத்துக்குக் கணக்கு வேண்டும். இந்த மாதம் எத்தனை பேர் வந்தார்கள், எத்தனை அமர்வுகள் நடந்தன, எத்தனை பேர் பாதியில் நின்றார்கள், எத்தனை பேரை மருத்துவமனைக்கோ நல இலாகாவுக்கோ அனுப்பினோம் என்பவை எண்கள். அந்த எண்களை எவர் முன்னிலையிலும் வைக்கலாம். வேலை சரியாக நடக்கிறதா என்று பார்க்க வேண்டுமானால், அனுபவமுள்ள இன்னோர் ஆலோசகர், வெளியூர்க்காரராக இருப்பது நல்லது, மாதம் ஒருமுறை மேற்பார்வைக்கு வரட்டும். அத்தொழிலில் அதுவே வழக்கம், அவரையும் அதே நெறி கட்டுப்படுத்தும். உணவுக்கூடை வழங்கும் விழாவில் வரிசையாக நிற்கவைத்துப் படம் எடுத்து முகநூலில் போட்டதைப் பற்றியும் எழுத நினைத்திருந்தேன். அப்படத்தில் இருந்த ஒருவர் வேண்டாம் என்று கேட்டுக்கொண்டதால் விடுகிறேன்.

நாமெல்லாம் ஒரே குடும்பம், நமக்குள் என்ன மறைவு என்றும் சென்ற ஆண்டுப் பொதுக்கூட்டத்தில் ஒருவர் பேசினார். பலருக்குத் துன்பமே குடும்பத்துக்குள்தான் நடக்கிறது. கணவனால் அடிபடும் ஒரு பெண்ணை எடுத்துக்கொள்ளுங்கள். 1994ஆம் ஆண்டுக் குடும்ப வன்முறைச் சட்டத்தில் 2017இல் செய்த திருத்தத்துக்குப் பிறகு, நீதிமன்றம் வரை போகாமலே, அதிகாரம் பெற்ற சமூக நல அதிகாரியிடம் ஏழு நாள் அவசரப் பாதுகாப்பு ஆணை பெறலாம். அப்படியொரு வழி இருப்பதே நம் பெண்களில் பலருக்குத் தெரியாது. அதை அவளுக்கு யாராவது சொல்ல வேண்டும். சொல்வதற்கு முதலில் அவள் வர வேண்டும். அவள் வந்த நாளும் நேரமும் அவன் காதுக்கு எட்டாமல் இருக்க வேண்டும். அவனுடைய மைத்துனர் குழுவில் இருந்தால் என்ன செய்வீர்கள்? நம் பட்டணத்தில் யாருக்கு யார் மைத்துனர் இல்லை?

பழைய கோப்புகளைப் பற்றியும் ஒரு சொல். தற்கொலைக்கு முயல்வதைக் குற்றமாக்கிய தண்டனைச் சட்டத்தின் 309ஆம் பிரிவு 2023இல்தான் நீக்கப்பட்டது. அதற்கு முன்பு அந்த அறைக்குள் போய், சாக நினைத்தேன், முயன்றேன் என்று சொன்னவர்கள், சட்டம் குற்றம் என்று கருதிய ஒன்றை ஒரு மனிதரின் முகத்தை மட்டும் நம்பிச் சொன்னார்கள். அந்தத் தாள்களும் அதே அலமாரியில்தான் இருக்கும். சாவியைக் கைமாற்றுவதற்கு முன் இதை எண்ணிப் பார்த்தீர்களா?

அறிவிப்பு ஒட்டிய மூன்றாம் நாள், பேருந்து நிறுத்தத்தில் ஒருவர் என்னருகே வந்து உட்கார்ந்தார். யார் என்று சொல்லமாட்டேன். பேருந்து வரும்வரை எதுவும் பேசவில்லை. வந்ததும் எழுந்து, "டீச்சர், நம்ம தாளை நாமே போய் வாங்கிக் கிழிச்சிப் போட முடியுமா?" என்று கேட்டார். அவர் ஏறிப்போன பிறகு வீட்டுக்கு வந்து இதை எழுதத் தொடங்கினேன்.

ஆகவே உங்களிடம் நான் கேட்பவை இவை. பெயரோடும் காரணத்தோடும் மாத அறிக்கை கேட்கும் முடிவை முழுவதுமாகத் திரும்பப் பெறுங்கள்; 'பெயருக்குப் பதில் எண்' என்ற சமரசம் வேண்டாம், ஏனென்றால் இவ்வூரில் வயதும் தெருவும் தெரிந்தால் ஆள் தெரிந்துவிடும். கூட்டுத்தொகை எண்கள் மட்டும் போதும். அலமாரிச் சாவி பதிவு பெற்ற ஆலோசகரிடமே இருக்கட்டும். அவர் பணி விலகினால் அவருக்குப் பின் வரும் பதிவு பெற்ற ஆலோசகரிடம் மட்டும் போகட்டும். இதைக் குழுத் தீர்மானமாக எழுதி நிறைவேற்றுங்கள், தலைவர் மாறினாலும் நிற்க வேண்டும்.

சுழற்சியைக் கைவிடுங்கள். எக்காரணத்தாலோ ஆலோசகர் மாறியே ஆகவேண்டுமானால், அவரை நாடி வருபவர் ஒவ்வொருவருக்கும் குறைந்தது இரண்டு மாதம் முன்னதாகச் சொல்லி, விடைபெறும் ஓர் அமர்வுக்கு இடம் கொடுங்கள். தம் கோப்பு புதியவரிடம் போகலாமா என்பதை அவரவரே முடிவு செய்யட்டும். புதியவருக்குத் தமிழ் பேசத் தெரிந்திருக்க வேண்டும். தொண்டர்களுக்குக் 'கவுன்சலர்' என்ற பெயரை நீக்குங்கள், அவர்களைத் தனியறையில் எவரோடும் அமர்த்தாதீர்கள், அவர்களிடமும் இரகசியக் காப்புக்குக் கையெழுத்து வாங்குங்கள். வெளியூர் மேற்பார்வையாளர் ஒருவரை அமர்த்துங்கள். அவருக்கான மாதச் செலவில் ஒரு பங்கை என் ஓய்வூதியத்திலிருந்து தர நான் அணியமாக இருக்கிறேன். இதற்காக என் பெயரை எந்தப் பலகையிலும் எழுத வேண்டாம்.

பதிலை எனக்குத் தனியாக அனுப்ப வேண்டாம். இம்மாத இறுதிக்குள், அறிவிப்பு ஒட்டிய அதே பலகையில், அதே அளவு எழுத்தில் ஒட்டுங்கள். பேருந்து நிறுத்தத்தில் என்னருகே வந்து அமர்ந்தவர் அதைப் படிக்க வேண்டும்.

என் கோப்பைக் குழுவின் முன் வைக்கவோ, ஆலோசகர் தவிர வேறெவரும் திறக்கவோ நான் இசையவில்லை என்று எழுதிக் கையெழுத்திட்ட தனித்தாள் ஒன்றை உங்களுக்கு அனுப்பும் படியோடு இணைத்திருக்கிறேன். அதில் என் முழுப்பெயர் இருக்கிறது. பொதுவில் வெளியிடும் இப்படியில் மட்டும் பேரப்பிள்ளைகளை எண்ணிப் பெயரை விட்டிருக்கிறேன். அத்தாளைக் கோப்பின் மேலட்டையில் குத்தி வைக்கும்படி ஆலோசகரிடம் கொடுத்துவிடுங்கள்.

இப்படிக்கு,
நம் பட்டணத்துத் தமிழ்ப்பள்ளியின் ஓய்வு பெற்ற ஆசிரியை,
தென்பேராக்